இடது பக்கம் பாடிய பெண்

“அந்தப் பொண்ணு எங்கே?”

சுபா மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கேட்டார். அவர் கையில் நான் தட்டச்சு செய்து கொடுத்திருந்த தாள் இருந்தது. காலை பத்தரை, பதினொன்று இருக்கும். கீழே இருந்த தர்ஷினி ஓட்டலில் வடை போடும் வாசனை மாடிப்படி ஏறி எங்கள் அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

“எந்தப் பொண்ணு மேடம்?”

“ஏழாவது பாட்டுல பாடறாளே, ஆ ஹுடுகி, அந்தப் பொண்ணு. அவ பாடினது ஒரு லைன்கூட இதுல இல்லையே. அவன் பாடினது மட்டும்தான் இருக்கு.”

“ஏழாவது பாட்டுல பொண்ணே கிடையாது மேடம். அவன் ஒருத்தன்தானே பாடறான்?”

நான் விளையாடுகிறேனா என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். விளையாடவில்லை என்று தெரிந்ததும் குழம்பினார். மேஜையில் இருந்த என் ஹெட்போனை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் தன் காதில் வைத்து, பாட்டை ஓடவிட்டார். தலையை ஆட்டினார்.

“இதோ, இருக்காளே! கேளு.”

வாங்கி மாட்டிக்கொண்டேன். கிடார் வந்தது. மழை விழுவது மாதிரி டிரம்ஸ் வந்தது. அப்புறம் அவன் வந்தான். நாலு நிமிஷமும் அவன் மட்டுமே பாடினான். நடுநடுவே பெருமூச்சு விடுவதுபோல நிறுத்தினான், பிறகு மறுபடி பாடினான்.

ஹெட்போனைக் கழற்றி, “இல்லை மேடம்” என்றேன்.

அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹிந்தி இல்லை, இண்டி

எங்கள் வீடு மர்பி டவுனில் இருந்ததையும், அப்பா மிலிட்டரி டெப்போவில் சரக்கு ஏற்றி இறக்கியதையும், அம்மா ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆயாவாக இருந்ததால் எனக்கு அங்கே இடம் கிடைத்ததையும் இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அந்தப் பள்ளி கொடுத்த இங்கிலீஷை நம்பித்தான் டிகிரி முடித்த கையோடு இந்திராநகரில் அந்த மாடி அலுவலகத்துக்கு வேலைக்குப் போனேன். யசோதரா என்ற என் பெயர் முதல் நாளே அங்கே ‘யாஷ்’ ஆகிவிட்டது. புத்தர் மனைவியின் பெயர் என்று அப்பா ஆசையாக வைத்தது, நாலு எழுத்திலிருந்து இரண்டு எழுத்தாகச் சுருங்கியது.

மொபைல் போனில் பாட்டு ஓடும்போது அதன் வரிகளும் திரையில் கூடவே ஓட வேண்டும் என்று யாரோ எங்கோ ஆசைப்பட்ட காலம் அது. வெளிநாட்டிலிருந்து பாட்டுகள் வரும். நாங்கள் கேட்டு, வரிகளைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரியும் எந்த நொடியில் தொடங்குகிறது என்று குறித்து அனுப்ப வேண்டும்.

“பாடினவங்களையே கேட்டா சொல்லிடுவாங்களே, நாம எதுக்கு?” என்று முதல் வாரம் கேட்டேன். இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்தப் படத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். வெளியே சொல்லக்கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தக் கையெழுத்து இன்னும் செல்லுமா, செல்லாதா தெரியாது. நம் ஊர் காலேஜ் பெண்கள் பைத்தியமாக இருந்த ஓர் ஆங்கிலப் படத் தொடர் என்பது மட்டும் போதும். இரண்டு பாகம் வந்து, மூன்றாவது வரவிருந்தது. படத்துக்கு முன்னால் பாட்டு ஆல்பம் வருகிறது, பதினைந்து பாட்டு, பதினைந்து குழு. அந்த ஆல்பம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

“இண்டி ராக்குங்க,” என்றார் கதிர். அவர் நாமக்கல்லிலிருந்து வந்து சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என் பக்கத்து மேஜை. என்னைவிட ஒரு வயது பெரியவர், ஆனாலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்.

எனக்கு அது ‘ஹிந்தி ராக்’ என்று கேட்டது.

“எனக்கு ஹிந்தி வராதே!”

“ஹிந்தி இல்லைங்க, இண்டி. பெரிய கம்பெனி எதையும் நம்பாம, சின்ன சின்ன குரூப்பு அவங்களாவே பாடி வெளியிடறதுங்க.”

“அப்போ இவ்ளோ பெரிய கம்பெனி படத்துக்கு ஏன் பாடறாங்க?”

கதிர் யோசித்தார். “அதுதானுங்க எனக்கும் தெரியல.”

யாருடைய பாட்டு?

எனக்கு அந்த ஆல்பத்தில் எல்லாமே குழப்பம்தான். சினிமாப் பாட்டு என்றால் எனக்குத் தெரிந்தது வேறு. எங்கள் தெருவில் கல்யாணம், காதுகுத்து, எது நடந்தாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். பாட்டு தொடங்கிய உடனேயே யார் ஹீரோ, எந்தப் படம், அந்தப் பாட்டில் யார் என்ன கலர் சேலை கட்டியிருந்தார்கள் என்றுகூடப் பிள்ளைகள் சொல்லிவிடுவோம்.

இதில் ஹீரோ பாடவில்லை. ஹீரோயினும் பாடவில்லை. கதையில் இல்லாத யாரோ பாடினார்கள். அதிலும் பாதிப் பாட்டு படத்திலேயே வராதாம். படத்தை நினைத்துக்கொண்டு பாடியதாம்.

“படத்துல இல்லாத பாட்டு எப்படி அந்தப் படத்துப் பாட்டு ஆகும்?” என்று சுபா மேடத்திடம் கேட்டேன்.

“நீ டைப் மாடு யாஷ், சுமனே தலை கெடஸ்கோபேடா” என்றார் கன்னடத்தில். வீணாக மண்டையை உடைத்துக்கொள்ளாமல் வேலையைப் பார் என்று அர்த்தம்.

டைப் பண்ணுவதும் சுலபமாக இல்லை. பல் பிடுங்கிக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள் மாதிரிப் பாடினார்கள். ஒரு வரிக்கு இருபது தடவை பின்னால் போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் மூன்றாம் நாள், நாலாம் நாள் அந்தப் பாட்டுகள் எனக்குப் பிடிக்கத் தொடங்கின. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பாட்டுகளில் யாரும் என்னைப் பார்த்துப் பாடவில்லை. தங்களுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார்கள், நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அப்படி இருந்தது.

ஏழாவது பாட்டு எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அவன் ஒருத்தன் தனியாக ஒரு வீட்டுக்குள் நடந்துகொண்டே பாடுவது போலிருக்கும். இடையிடையே நிறுத்துவான். அந்த நிறுத்தங்கள்தான் எனக்குப் பிடிக்கும். என்ன தனிமை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பாட்டில்தான் ஒரு பெண் இருக்கிறாள் என்றார் சுபா மேடம்.

கதிரின் ஹெட்போன்

சுபா மேடம் போன பிறகு கதிரிடம் மெதுவாகக் கேட்டேன். “நிஜமா சொல்லுங்க. ஏழாவது பாட்டுல பொண்ணு பாடுதா?”

“பாடுதுங்க. நல்லாத்தான் பாடுது.”

எல்லோரும் சேர்ந்து என்னை ஓட்டுகிறார்கள் என்று பட்டது. புதிதாக வந்தவர்களை அப்படிச் செய்வது உண்டு. கோபத்தோடு, “என் ஹெட்போன் கெட்டுப்போயிருக்கும், உங்களத கொடுங்க” என்று அவருடையதைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன்.

கிடார் வந்தது. மழை மாதிரி டிரம்ஸ் வந்தது. அப்புறம் அவன் வரவில்லை.

அவன் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. நாலைந்து நொடி கழித்து, அவன் நிறுத்துவானே அந்த இடத்தில், ஒரு பெண் பாடினாள். தூங்கி எழுந்ததும் பேசும் குரல் மாதிரி, கொஞ்சம் கரகரப்பாக.

சட்டென்று ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

“கதிர், உங்க ஹெட்போனும் ரிப்பேர். என்னதுல பொண்ணு வரலை. உங்கதுல ஆம்பளை வரலை.”

அவர் வாங்கிக் கேட்டார். பிறகு என்னுடையதைக் கேட்டார். “ரெண்டுலயும் ரெண்டு பேரும் வராங்களே!” என்றார். மறுபடி அவருடையதை என்னிடம் கொடுத்தார். நான் மாட்டும்போது, “இருங்க இருங்க” என்று தடுத்தார். “திருப்பி மாட்டறீங்க. அது இடது பக்கம். இதோ எழுத்துப் போட்டிருக்கு பாருங்க.”

சரியாக மாட்டினேன். அவன் பாடினான். பெண் இல்லை.

திருப்பி மாட்டினேன். பெண் பாடினாள். அவன் இல்லை.

நாலைந்து தடவை இப்படி மாற்றி மாற்றிச் செய்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. கதிருக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, “கண்ணை மூடிக்குங்க. சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க” என்றார்.

வலது பக்கம் விரலை விரலோடு உரசும் சரசரப்பு கேட்டது. கையைத் தூக்கினேன். மறுபடி கேட்டது. தூக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை.

“ம், செய்யுங்க” என்றேன்.

“செஞ்சுட்டுத்தாங்க இருக்கறேன்” என்றார் கதிர்.

கண்ணைத் திறந்து திரும்பினேன். அவர் விரல்கள் என் இடது காதுக்கு ஒட்டினாற்போல உரசிக்கொண்டிருந்தன.

இருபத்திரண்டு வருஷம்

ஒரு மனுஷிக்கு இருபத்திரண்டு வயது வரை ஒரு காது கேட்கவில்லை என்பது எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டிருக்கிறேன். எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? அடுத்தவர் காதுக்குள் புகுந்தா பார்க்க முடியும்?

காலேஜில் சிநேகிதி ஒருத்தி இயர்போனில் ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை என் இடது காதில் சொருகுவாள். “உன் இயர்போன் செத்துப்போச்சு” என்பேன். அவள் வேறு வாங்கினாள். அதுவும் செத்துப்போனதாகச் சொன்னேன். வீட்டில் போன் அடித்தால் சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் சுற்றுவேன். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. பள்ளியில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேனாம்.

அதெல்லாம் திமிரும் இல்லை, பராக்குப் பார்ப்பதும் இல்லை என்று அந்த ஒரு காலையில் தெரிந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அப்படி இருக்கவில்லை. அவன் நிறுத்தும் இடங்களில் இருந்த தனிமைக்காக ஒரு பாட்டை விரும்பினேனே, அங்கே தனிமையே இல்லை! அவன் வலது பக்கம் பாட, இடது பக்கத்திலிருந்து ஒருத்தி பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு மட்டும் தெரியவில்லை. அப்படியானால் இன்னும் என்னென்ன என் இடது பக்கம் நடந்து முடிந்திருக்கும்?

“யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று கதிரிடம் கேட்டுக்கொண்டேன். காதால் செய்கிற வேலை. ஆறு மாதத் தற்காலிகம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

“நான் ஏனுங்க சொல்றேன்” என்றார்.

வெயிட்டா, வேக்கா?

அன்று மதியமே ஏழாவது பாட்டைத் திரும்பச் செய்தேன். முதலில் ஹெட்போனைச் சரியாக மாட்டி அவனை எழுதினேன். பிறகு திருப்பி மாட்டி அவளை எழுதினேன். நொடிக் கணக்கை வைத்து இரண்டையும் கோத்துக் கொடுத்தேன்.

அதில் ஒரு தகராறு வந்தது. பாட்டின் முடிவில் இருவரும் ஒருவர் மேல் ஒருவராகப் பாடும் இடத்தில் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று. சுபா மேடத்துக்கு ‘வெயிட்’ என்று கேட்டது. அப்படியானால் அந்த வரிக்கு, எனக்காகக் காத்திருக்காதே என்று பொருள். கதிருக்கும் அப்படித்தான். எனக்கு ‘வேக்’ என்று தெளிவாகக் கேட்டது. என்னை எழுப்பாதே என்று பொருள். அந்த இடத்தில் அவன் குரல் இல்லாமல் அவளை மட்டும் கேட்டவள் நான் ஒருத்திதான். ஆனால் அதைச் சொல்ல முடியாதே!

சுபா மேடம் பாட்டு அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். அவர்கள் அந்தக் குழுவுக்கு எழுதினார்கள். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. உங்களுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், இரண்டுமே நன்றாக இருக்கிறது என்று.

“இது என்ன ஜனமோ!” என்று சுபா மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். “பாடினவளுக்கே தெரியலேன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?”

கடைசியில் அவர் அந்த வரியைத் தானே முப்பது தடவை கேட்டுவிட்டு, நான் எழுதியபடியே விட்டார். அது மட்டும் அல்ல. ஆல்பம் முழுவதும் பார்த்த மேலிடத்திலிருந்து, ஏழாவது பாட்டைச் செய்தவரின் வேலை மிகச் சுத்தம், இரட்டைக் குரலை இவ்வளவு பிரித்து யாரும் எழுதியதில்லை என்று பாராட்டி எழுதியிருந்தார்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் சுபா மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். “எப்படிப் பண்ணினேன்னு எல்லாருக்கும் சொல்லு யாஷ். எல்லாரும் அதே மாதிரி பண்ணட்டும்.”

கதிர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கிட்டேன் மேடம்.”

“அஷ்டே?” அவ்வளவுதானா என்று கேட்டார். எல்லோரும் ஹெட்போனைத் திருப்பி மாட்டினார்கள். ஏழாவது பாட்டை ஓடவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் தலைகீழாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணைச் சுருக்கிக் கேட்டதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

“ஒண்ணும் வித்யாசம் இல்லியே,” என்றார் சுபா மேடம். “இந்தப் பக்கம் இருந்தவ அந்தப் பக்கம் போறா. ரெண்டு பேரும்தான் கேக்கறாங்க.”

“உங்களுக்கு ரெண்டு பேரும் கேக்கும் மேடம்,” என்றேன். “எனக்கு ஒரு பக்கம் கேக்காது.”

ஒவ்வொருவராக ஹெட்போனைக் கழற்றினார்கள். கீழே தர்ஷினியில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

சுபா மேடம் மெதுவாக, “ஃபாரம்ல இதை ஏன் எழுதலை?” என்றார். கோபமா, பரிதாபமா என்று அவர் குரலில் தெரியவில்லை.

“அப்போ எனக்கே தெரியாது மேடம்.”

“எப்போ தெரிஞ்சுது?”

“நீங்க அந்தப் பொண்ணு எங்கேன்னு கேட்டீங்களே, அன்னைக்கு.”

அம்மா சொன்னது

காது டாக்டரிடம் சான்று வாங்கி வரும்படி அலுவலகத்தில் சொன்னார்கள். அம்மாவிடம் அப்போதுதான் சொன்னேன். அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர், “இன்னாடி சொல்ற?” என்று என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, அந்தக் காதுக்குள் எட்டிப் பார்த்தார். அழுக்கு அடைத்திருக்கும் என்று நினைத்தாராம்.

டாக்டர் என்னைக் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினார். வலது காதின் கோடு மேலே நேராகப் போனது. இடது காதின் கோடு தாளின் அடியில் கிடந்தது.

“சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் கண் தரையில் இருந்தது.

எனக்கு ஆறு வயது இருக்கும். காவிரி விஷயத்தில் ஊர் கலவரப்பட்டு, தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த நாட்கள். எனக்கு இரண்டு கன்னமும் வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டார். யாரிடமோ இரவல் வாங்கிய தங்கச் சங்கிலியை என் கழுத்தில் போட்டார். நான் வலியில் “அம்மா” என்று அழும்போதெல்லாம் அப்பா வாயைப் பொத்துவார். தமிழ் சத்தம் தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா மட்டும் பின்வாசல் வழியாக வந்து ரசம் சோறு கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு நினைவில் இருப்பது அந்தப் பற்றின் பச்சை வாசனையும், அப்பா உள்ளங்கையின் காய்ப்பும்தான்.

“நாலு நாள் கழிச்சுதான் டாக்டராண்ட தூக்கினு போனேன்,” என்று அம்மா டாக்டரிடம் சொன்னார். “முன்னாடியே போயிருந்தா காது தப்பிச்சிருக்குமா?”

டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். அந்தக் காய்ச்சலில் நரம்பு போனால் போனதுதான், அன்றைக்கே தூக்கி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, உங்கள் மேல் தப்பே இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

ரோட்டுக்கு வந்ததும் அம்மா நின்றார்.

“அவரு சும்மானா சொல்றாரு,” என்றார். “எனக்கு மனசு ஆறணும்னு.”

“இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றாரு.”

“நான் தெகிரியமா அன்னிக்கே போயிருக்கணும். கன்னடம்தான் பேச வருதே, பேசினே போயிருக்கலாம். உங்கப்பா வேணாம்னாரு. நானும் பயந்துட்டேன்.”

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. கோபப்பட வேண்டுமா என்றும் தெரியவில்லை. யார் மேல் கோபப்படுவது? காய்ச்சல் மேலா, அந்த நாலு நாள் மேலா? டாக்டர் சொன்னதை நான் நம்பினேன், அம்மா நம்பவில்லை. ஒரே தாளைத்தான் இருவரும் பார்த்தோம்.

மூன்று மாதம்

அலுவலகத்தில் என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை, நிரந்தரம் ஆக்கவும் இல்லை. தற்காலிகத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள். என் மாதிரி ஆளை என்ன செய்வது என்று அவர்கள் விதிமுறைப் புத்தகத்தில் இல்லையாம். பாராட்டுக் கடிதம் ஒரு கோப்பில், காது டாக்டரின் தாள் இன்னொரு கோப்பில். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள் என்று கதிர் சொன்னார்.

சுபா மேடம்தான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். என் வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நானும் நல்லா யோசனை பண்ணினேன் யாஷ். உன்னைப் பாட்டுலேர்ந்து எடுத்துட்டு, பேச்சு செக்ஷன்ல போடச் சொல்லியிருக்காங்க. போன் பேச்சு, மீட்டிங் பேச்சு. அதுல லெஃப்டு ரைட்டு ஏதும் கிடையாது. உனக்கு ஈஸி.”

“எனக்குப் பாட்டுதான் மேடம் பிடிச்சிருக்கு.”

“கொத்து” என்றார். தெரியும் என்று அர்த்தம். “ரெண்டு பக்கம் வர்ற பாட்டு ஏதாவது வந்தா நான் உன்கிட்டதான் கொடுப்பேன். மத்தவங்களுக்கு அது கூட்டம் மாதிரி கேக்குது. உனக்கு ஒவ்வொருத்தரா கேக்குது.”

மூன்று மாதம் கழித்து வேலை நிரந்தரமானது, பேச்சுப் பிரிவில். சுபா மேடம் வாக்குக் கொடுத்தபடி அவ்வப்போது பாட்டும் வந்தது. கதிர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போகிற அன்று தன் ஹெட்போனை என் மேஜையில் வைத்துவிட்டு, “உங்களுக்கு ரெண்டு இருந்தா வசதிங்க. ஒண்ணை நேரா வெச்சுக்குங்க, ஒண்ணைத் திருப்பி வெச்சுக்குங்க” என்றார். கேலி செய்கிறாரா, அக்கறையாகச் சொல்கிறாரா என்று தெரியாமல் நன்றி சொன்னேன்.

சிவாஜி நகர் பஸ்

படம் வந்து ஓடிக்கொண்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை மதியம் அம்மாவும் நானும் சிவாஜி நகரில் துணி எடுத்துவிட்டு அல்சூர் பக்கம் வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். நல்ல கூட்டம். எங்களுக்கு முன் சீட்டில் காலேஜ் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி போனை எடுத்து ஸ்பீக்கரில் பாட்டு வைத்தாள். சின்னப் போன், ஒரே ஒரு ஓட்டை ஸ்பீக்கர். தகரத்தில் தட்டுவது மாதிரி கிடார் வந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏழாவது பாட்டு. அவன் பாடினான். அவன் நிறுத்திய இடத்தில் அவள் பாடினாள்! நான் எதையும் திருப்பி மாட்டவில்லை. ஹெட்போனே இல்லை. அந்த ஒற்றை ஓட்டை வழியாக இரண்டு பேரும் ஒன்றாக வந்து என் வலது காதுக்குள் விழுந்தார்கள். அத்தனை நாள் ஒரு தாளில் நான் கோத்து வைத்திருந்தவர்கள், முதல் தடவையாக எனக்குக் கேட்கப் பேசிக்கொண்டார்கள்.

“இன்னாடி, வேர்க்குது உனக்கு?” என்றார் அம்மா.

“இந்தப் பாட்டு நான் எழுதினதும்மா.”

“நீயா? இங்கிலீஷ் படத்துக்கா?” அம்மா கண்ணை அகல விரித்தார். மறுநாளே மர்பி டவுன் முழுக்க என் மகள் இங்கிலீஷ் படத்துக்குப் பாட்டு எழுதுகிறாள் என்று சொல்லிவிட்டார். அதைத் திருத்த எனக்கு ஒரு வருஷம் ஆனது.

பாட்டின் முடிவு வந்தது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பாடும் இடம். அந்த வரிகளை நான் ஐம்பது தடவை கேட்டு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நொடி தெரியும். ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தபோது, பஸ் இரைச்சலில், ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. அவன் எது, அவள் எது என்றே தெரியவில்லை. முன் சீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு சந்தோஷமாகக் கூடவே பாடினார்கள். இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்களா? இப்படிக் கேட்டுத்தான் எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறதா?

அம்மா என் வலது காதருகே குனிந்து, “இன்னா சொல்லினு பாடறாங்க? நீதானே எழுதின, சொல்லேன்” என்றார்.

“தெரியலம்மா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறாங்க.”

“பேசட்டும், பேசட்டும்,” என்றார் அம்மா, ஏதோ புரிந்துவிட்ட மாதிரி. “ஒருத்தரு மட்டும் பேசினு இருந்தா அது இன்னா வீடு?”